இருப்புக் கணக்கு உதைக்கிறதா? கைவினைப் பொருள் விற்பவர்கள் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

பத்தமடைப் பாய், பனையோலைப் பெட்டி, காருகுறிச்சி மண்பாண்டம், அம்பாசமுத்திரம் மரச்சொப்பு என்று கைவேலைப் பொருள்களை வாங்கி விற்பவர்கள் நெல்லை வட்டாரத்தில் நிறையப் பேர். நாலைந்து பெண்கள் குழுவாகச் சேர்ந்து செய்து விற்பதும் உண்டு. இவர்களுக்குக் கணக்கு எழுதும் வேலையில் நான் திரும்பத் திரும்பக் கேட்கிற கேள்விகளை இங்கே தொகுத்திருக்கிறேன். கேள்வி பலவானாலும் சிக்கல் ஒன்றுதான்: புத்தகத்தில் ஒரு எண், அலமாரியில் இன்னொரு எண். பதில்களில் நான் விட்டுக்கொடுக்காத விஷயமும் ஒன்றுதான். காரணத்தைத் தேடி முடிக்கும்வரை எண்ணைத் திருத்தவும் கூடாது, ஆளைச் சந்தேகப்படவும் கூடாது.

புத்தகத்தில் 64 பெட்டி, அலமாரியில் 57. உடனே என்ன செய்வது?

புத்தகத்தில் கை வைக்காதீர்கள். 64ஐ அடித்து 57 என்று எழுதிவிட்டால், அந்த ஏழு எங்கே போயிற்று என்று தேடும் வழியே அடைபட்டுவிடும்.

வேறொருவரை எண்ணச் சொல்லுங்கள். முதலில் வந்த எண்ணை அவரிடம் சொல்ல வேண்டாம். அவருக்கும் 57 வந்தால் வீட்டைச் சுற்றிப் பாருங்கள். போட்டோ எடுக்கத் தனியாக வைத்தது, மாடிப்படிக்குக் கீழே கிடக்கும் பொருட்காட்சிச் சாக்கு, கட்டி முடித்தும் கூரியர்காரர் எடுக்காமல் கிடக்கும் பார்சல், பெரிய பெட்டிக்குள் செருகி வைத்த சின்னப் பெட்டி, எல்லாவற்றையும் பாருங்கள். அப்புறம் பக்கத்துத் தட்டையும் எண்ணுங்கள். ஏழு இஞ்சுப் பெட்டியில் ஏழு குறைந்து, எட்டு இஞ்சுப் பெட்டியில் ஏழு கூடியிருந்தால் விடை கிடைத்துவிட்டது. அளவு மாறி வைத்திருக்கிறார்கள் அல்லது அளவு மாற்றி எழுதியிருக்கிறார்கள். ஓலைப்பெட்டியில் ஒரு இஞ்சு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, ஸ்கேல் வைத்துத்தான் பார்க்க வேண்டும்.

எப்போது எண்ணுவது, எப்படி எண்ணுவது?

சரக்கு அசையாத நேரத்தில். பொங்கலுக்கு முந்தின வாரம் பானைக் கடைக்காரர் எண்ண உட்கார்ந்தால், எண்ணி முடிப்பதற்குள் பத்துப் பானை கைமாறியிருக்கும். தை பிறந்து கூட்டம் ஓய்ந்த பிறகு எண்ணுங்கள்.

எண்ணுவதற்கு முன் ஒரு கோடு கிழிக்க வேண்டும். சனிக்கிழமை இரவு கடை சாத்தும்போது கடைசியாகப் போட்ட பில் எண் என்ன, கடைசியாக எழுதிய வரவுச் சிட்டை (சரக்கு வந்ததற்கு எழுதும் சீட்டு) எண் என்ன, இரண்டையும் எண்ணும் தாளின் தலையில் எழுதுங்கள். அதுவரை உள்ளவை புத்தகத்தில் ஏறிவிட்டனவா என்று சரிபாருங்கள். ஞாயிறு காலை யாராவது சரக்குக் கொண்டுவந்து இறக்கினால் அது தனி மூலையில் இருக்கட்டும். இந்தக் கோடு இல்லாமல் எண்ணியதால் வந்த வித்தியாசங்களை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். அவற்றில் உண்மையில் ஒன்றுமே காணாமல் போயிருக்காது.

எண்ணும் தாளில் புத்தக எண் இருக்கக் கூடாது. இருந்தால் மனசு அந்த எண்ணுக்கே போய் நிற்கும். ஒருவர் எண்ண, ஒருவர் எழுத, எண்ணி முடித்த தட்டில் சாக்பீஸால் ஒரு அடையாளம். நம் பக்கத்துப் பெரியவர்கள் ‘ஒன்று’ என்று தொடங்காமல் ‘லாபம்’ என்று தொடங்கி ‘ரெண்டு, மூணு’ என்று போவார்கள். நல்ல வழக்கம், தொடரட்டும். ஆனால் பக்கத்தில் கோடு போட்டு எழுதுகிற பிள்ளைக்கு லாபம் என்றாலும் ஒரு கோடு உண்டு என்று முன்னமே சொல்லிவிடுங்கள். அது வாழ்த்து என்று நினைத்து ரெண்டிலிருந்து கோடு போட்டால் ஒவ்வொரு அடுக்குக்கும் ஒன்று குறையும்.

ஒன்றுக்குள் ஒன்றாகச் செருகும் பெட்டிகளைச் செட்டாக எண்ணுவதா, தனித்தனியாகவா?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்தால் பாதிச் சிக்கல் தீரும். பெரியது, நடு, சின்னது என்று மூன்று பெட்டி சேர்ந்தது ஒரு செட் என்று வைத்துக்கொள்வோம். முடைகிற அக்கா 20 செட் கொண்டுவந்தார். சரக்கு வாங்கியவர் பெட்டிக்கு இவ்வளவு என்று கூலி கொடுப்பதால் 60 என்று வரவு வைத்தார். விற்பவர் 12 செட் விற்றுவிட்டு, பில்லில் இருந்தபடி 12 என்று கழித்தார். புத்தகம் 48 என்கிறது. அலமாரியில் இருப்பது 24 பெட்டி. எண்ணப் போனவர் உள்ளே செருகியிருந்ததைப் பிரிக்காமல் 8 என்று எழுதிக்கொண்டு வந்தார். 48, 24, 8: மூன்று பேரும் பொய் சொல்லவில்லை. ஆனால் 40 பெட்டி காணோம் என்று வீட்டில் சண்டை நடக்கும்.

நீங்கள் தனியாக விற்கக்கூடிய மிகச் சின்னப் பொருள் எதுவோ, அதுதான் கணக்கின் அலகு. ஒரே ஒரு சின்னப் பெட்டியை யாருக்காவது தனியாக விற்கும் பழக்கம் இருந்தால், புத்தகத்தில் செட் என்று ஒரு பக்கமே வேண்டாம். மூன்று அளவுக்கும் மூன்று பக்கம். ஒரு செட் விற்றால் மூன்று பக்கத்திலும் ஒவ்வொன்று கழியும். இதில் ஒரு நன்மையும் உண்டு. பெரியது 8, நடு 8, சின்னது 5 என்று வந்தால் முழுச் செட் ஐந்துதான், இன்னும் மூன்று சின்னது முடையச் சொல்ல வேண்டும் என்று உடனே தெரிந்துவிடும். செட்டாக மட்டும் எண்ணுகிறவர்களுக்கு இது தெரியாமல், துணையில்லாத பெட்டிகள் வருஷக்கணக்கில் தங்கிவிடும்.

தனியாகவே விற்பதில்லை என்றால் செட்டே அலகு. மரச்சொப்பு அப்படித்தான். ஒவ்வொரு சொப்புப் பெட்டியின் மேலும் உள்ளே என்னென்ன இருக்கிறது என்று எழுதி ஒட்டுங்கள். திறந்து காட்டும்போது குட்டி உலக்கையோ அம்மிக் குழவியோ உருண்டு போகும். ஒரு துண்டு குறைந்தாலும் அது முழுச் செட் இல்லை; ‘குறைச் செட்’ என்று தனிப் பக்கத்துக்கு மாற்றுங்கள்.

ஜோடி, டஜன், கட்டு எல்லாவற்றுக்கும் இதே விதி. வாங்கும் அலகு வேறாக இருக்கலாம். ஆனால் புத்தகத்தில் ஏறும்போது ஒரே அலகாக மாறித்தான் ஏற வேண்டும்.

ஒரே பொருளை ஆளுக்கொரு பேரில் எழுதுகிறார்கள். என்ன செய்ய?

போட்டோவோடு ஒரு பெயர்த்தாள் ஒட்டுங்கள். ஒருவர் கொட்டான் என்பார், ஒருவர் மிட்டாய்ப் பெட்டி என்பார், மூன்றாமவர் ஆறு இஞ்சு என்பார். பேசும்போது எப்படிச் சொன்னாலும் சரி, எழுதும்போது ‘ஓ-6’ மாதிரி ஒரு குறி எண்தான். குறி எண்ணில் அளவு தெரிந்தால் போதும். நிறம், விலை, முடைந்தவர் பெயர் எல்லாவற்றையும் அதில் திணித்தால் யாருக்கும் நினைவில் நிற்காது.

கைவேலையில் ஒன்று போல் இன்னொன்று இருக்காதே. அதை எப்படிக் கணக்கில் கொண்டுவருவது?

விலை குறைந்ததை வகையாக எண்ணுங்கள், விலை கூடியதை ஒவ்வொன்றாக எழுதுங்கள். தாமிரபரணிக் கரைக் கோரையை ஊறவைத்து, மெல்லிசாகக் கிழித்து, வாரக்கணக்கில் உட்கார்ந்து நெய்கிற பட்டுப்பாயை ‘பாய் 3’ என்று எழுதுவது அந்த வேலைக்கே மரியாதை இல்லை. ஒவ்வொரு பாய்க்கும் ஒரு சீட்டு வேண்டும்: எண், நீள அகலம், நெய்தவர், வந்த தேதி. சீட்டைப் பாயின் ஓரத்தில் நூலால் கட்டிவிடுங்கள். பசை ஒட்டினால் கறை விழும்.

மாப்பிள்ளை, பெண் பெயர் போட்டு நெய்த கல்யாணப் பாய் வேறு விஷயம். அது ஆர்டர் கொடுத்தவருடையது, விற்பனைச் சரக்கோடு அதைச் சேர்த்து எண்ணாதீர்கள். வாங்காமல் விட்டுப் போனாலும் வேறு யாருக்கும் விற்க முடியாது. அதனால் முன்பணம் வாங்காமல் தறியில் ஏற்ற வேண்டாம் என்பேன்.

எல்லாம் எண்ணியாயிற்று, இன்னும் உதைக்கிறது. தவற்றைக் கண்டுபிடிக்க ஏதாவது வழி இருக்கிறதா?

கடைசியாகச் சரியாக இருந்த நாளுக்குப் போங்கள். அன்றைய இருப்போடு அதற்குப் பின் வந்ததைக் கூட்டி, விற்றது, உடைந்தது, சும்மா கொடுத்தது மூன்றையும் கழியுங்கள். புத்தகத்தில் உள்ள மீதியைப் பார்க்காமல், சிட்டையையும் பில்லையும் வைத்துப் புதிதாகக் கூட்டுங்கள். பல நேரம் கூட்டல் தவறே இதில் வெளியே வந்துவிடும்.

அப்புறம் வித்தியாசத்தையே உற்றுப் பாருங்கள். அது 9ஆல் மீதியில்லாமல் வகுபட்டால் இலக்கம் இடம் மாறியிருக்கலாம். 46 வந்ததை 64 என்று எழுதினால் வித்தியாசம் 18. வித்தியாசம் இரட்டைப்படை எண்ணாக இருந்தால் அதில் பாதியைத் தேடுங்கள். திரும்பி வந்த 6 பெட்டியைக் கூட்டுவதற்குப் பதில் கழித்துவிட்டால் புத்தகம் 12 குறைவாகக் காட்டும். ஒரு சிட்டையில் உள்ள எண்ணும் வித்தியாசமும் அப்படியே ஒத்துப்போனால், அந்தச் சிட்டை ஏறாமல் விட்டிருக்கும் அல்லது இரண்டு தரம் ஏறியிருக்கும். இவை நிச்சயமான விதிகள் இல்லை, எங்கே முதலில் தேடலாம் என்று காட்டும், அவ்வளவுதான்.

வீடுகளில் செய்து கொடுப்பவர்களிடம் ஓலை, நூல், சாயம் கொடுக்கிறோம். அது எங்கள் இருப்பா?

உங்கள் இருப்புதான். இடம் மட்டும்தான் மாறியிருக்கிறது. ‘கிட்டங்கியில்’ (சரக்கு அறையில்) என்று ஒரு பக்கம் இருப்பது போல, பொருள் செய்யும் ஒவ்வொருவருக்கும் ஒரு பக்கம் வேண்டும்.

இதற்கு வெளியூரிலிருந்து யாரும் வந்து சொல்லித்தர வேண்டியதில்லை. முக்கூடல், ஆலங்குளம், மேலப்பாளையம் பக்கம் பீடி சுற்றும் வீடுகளைப் பாருங்கள். இலையையும் தூளையும் எடை போட்டுக் கொடுக்கிறார்கள், பீடியை எண்ணி வாங்குகிறார்கள், கொடுத்ததும் வாங்கியதும் ஒரே புத்தகத்தில் ஏறுகிறது. அந்தப் புத்தகத்தைப் பார்த்துப் பழகிய பெண்கள் பலர் நம் தொழிலிலும் இருக்கிறார்கள். ஆளுக்கு ஒரு சின்ன நோட்டு கொடுங்கள். உங்களிடம் ஒரு பிரதி, அவரிடம் ஒரு பிரதி. இரண்டிலும் ஒரே நேரத்தில், அவர் கண்முன் எழுதுங்கள்.

சேதாரம் எவ்வளவு என்பதில்தான் மனத்தாங்கல் வரும். உட்கார்ந்த இடத்தில் ‘ஒரு கட்டு ஓலைக்கு இத்தனை பெட்டி வரணும்’ என்று தீர்மானித்துவிடாதீர்கள். முடைகிறவர் பக்கத்தில் உட்கார்ந்து, ஈர்க்கும் ஓரக்கழிவும் போக எவ்வளவு தேறுகிறது என்று பாருங்கள். மூன்று பேரிடம் பார்த்தால் ஒரு நியாயமான அளவு கிடைக்கும். ஈரத்தோடு எடை போட்டுக் கொடுத்த ஓலை காய்ந்தால் எடை குறையும். அதை அந்த அக்கா மேல் பற்று எழுதுவது அநியாயம். ஓலையைக் கட்டாகவோ எண்ணியோ கொடுங்கள். நூலையும் சாயத்தையும் எடையில் கொடுங்கள்.

ஜிஎஸ்டி பதிவு உள்ளவர்களுக்கு ஒரு சேதி: இப்படி வேலைக்கு அனுப்பிய மூலப்பொருள் ஜிஎஸ்டி சட்டத்தின் 143ஆம் பிரிவின்படி ஒரு வருஷத்துக்குள் திரும்ப வர வேண்டும், அல்லது அங்கிருந்தே விற்றாக வேண்டும். அதற்காகவும் தேதி எழுதுவது அவசியம்.

பொருட்காட்சிக்கும் வெளியூர்க் கடைக்கும் கொடுத்து வைத்த சரக்கு?

விற்ற பிறகு பணம் என்று கொடுத்தது விற்கும்வரை உங்களுடையது. கொடுத்த அன்றே விற்பனையாக எழுதிவிட்டு, மூன்று மாதம் கழித்து விற்காத பெட்டி சாக்கில் திரும்பி வரும்போது விழிப்பவர்கள் அதிகம். கடைக்கு ஒரு பக்கம் போடுங்கள், மாதம் ஒரு தரம் அவர்களை எண்ணிச் சொல்லச் சொல்லுங்கள்.

பொருட்காட்சியில் கூட்டம் நெருக்கும்போது பில் போட நேரம் இருக்காது. அதனால் கொண்டுபோகும்போதும் எண்ணுங்கள், திரும்பி வந்த இரவே, தூங்குமுன், சாக்கைப் பிரித்து எண்ணுங்கள். போனதில் வந்தது போக மீதி விற்றது. கையிலுள்ள பணத்தோடும் போன் மூலம் வந்த பணத்தோடும் அதை ஒப்பிடலாம். மறுநாளைக்குத் தள்ளினால் பக்கத்து ஸ்டால் அண்ணாச்சிக்குச் சில்லறைக்குப் பதில் கொடுத்த இரண்டு பெட்டி யாருக்கும் ஞாபகம் இருக்காது.

ஆன்லைனில் விற்றுத் திரும்பி வரும் பார்சல்களால் குழப்பம்.

போன பார்சல், வந்த பார்சல் இரண்டுக்கும் தனித் தட்டு வையுங்கள். திரும்பி வந்ததைப் பிரித்துப் பார்த்து, நசுங்கவில்லை என்று தெரிந்த பிறகே இருப்பில் சேருங்கள். ஒரே பாயை வாட்ஸ்அப்பிலும் ஆன்லைன் கடையிலும் காட்டினால், ஒன்றில் விற்ற நிமிஷமே மற்றதில் எடுத்துவிட வேண்டும். ஒற்றைப் பொருளுக்கு இது ரொம்ப முக்கியம்.

கொசுறு கொடுத்ததை எல்லாமா எழுத வேண்டும்?

எழுதத்தான் வேண்டும். பெரிய பாய் வாங்கியவருக்கு ஒரு விசிறி, கல்யாண ஆர்டர் பேச வந்தவருக்கு மாதிரிக்கு ஒரு பெட்டி, ஊர்க் கோயில் கொடைக்கு நாலு தட்டு. கொடுப்பதைக் குறை சொல்லவில்லை, அதில்தான் நம் வியாபாரம் நிற்கிறது. கல்லாவுக்குப் பக்கத்தில் ஒரு அட்டை தொங்கட்டும், கொடுத்தவர் அங்கேயே ஒரு கோடு போடட்டும். மாதக் கடைசியில் மொத்தமாகக் கழித்துக்கொள்ளலாம்.

இலவசமாகக் கொடுத்தது, தொலைந்தது, அழிந்தது, கணக்கிலிருந்து நீக்கியது ஆகியவற்றுக்கு எடுத்த உள்ளீட்டு வரியை (வாங்கும்போது கொடுத்து, நாம் கட்டும் வரியில் கழித்துக்கொண்டதை) ஜிஎஸ்டி சட்டத்தின் 17(5)ஆம் பிரிவின்படி திருப்ப வேண்டும். பதிவு உள்ளவர்கள் இந்த அட்டையை ஆடிட்டரிடம் காட்டுங்கள்.

பூஞ்சை பிடித்தது, செல் (கறையான்) அரித்தது, உடைந்தது?

ஐப்பசி, கார்த்திகை மழையில் ஓலையும் கோரையும் ஈரம் வாங்கும். அடை மழைக்கு முன் ஒரு தரமும் மழை ஓய்ந்து ஒரு தரமும் எண்ணினால், மழை தின்றது எவ்வளவு என்று தெரியும். கெட்டதை உடனே வீசிவிடாதீர்கள். தனிச் சாக்கில் போட்டு, எண்ணி எழுதி, ஒரு போட்டோ எடுத்துவிட்டு வீசுங்கள். பானைக்கு உடைந்த ஓடுகளை எண்ண முடியாது, கழுத்தை எண்ணுங்கள். ஒரு பானைக்கு ஒரு கழுத்துதான்.

2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த பெருமழையில் நெல்லை, தூத்துக்குடி மாவட்டங்களில் வீட்டுக்குள் வெள்ளம் வந்தபோது சரக்கோடு கணக்குப் புத்தகமும் நனைந்துபோன வீடுகள் உண்டு. அப்படி ஒன்று நேர்ந்தால் பில் போட்ட பேரேடு, வங்கிக் கணக்கு, வாட்ஸ்அப் ஆர்டர், செய்பவர்களின் கையில் உள்ள நோட்டு, இவற்றிலிருந்து இருப்பை ஓரளவு திரும்பக் கட்டிவிடலாம். இரண்டு பிரதி நோட்டு அப்போது கைகொடுக்கும். வாரம் ஒரு தரம் புத்தகப் பக்கத்தை போனில் படம் எடுத்து வெளியூரில் உள்ள ஒருவருக்கு அனுப்பி வையுங்கள்.

வேலைக்கு வரும் பெண் எடுத்திருப்பாளோ என்று வீட்டில் பேசுகிறார்கள்.

அந்தப் பேச்சை அங்கேயே நிறுத்துங்கள். இதுவரை சொன்ன செட், அளவு, சிட்டை, சாக்கு, கொசுறு, பார்சல் எல்லாவற்றையும் பார்த்து முடிக்கும்வரை ஒரு ஆளின் பெயர் வாயில் வரக் கூடாது. ஊர் சின்னது. ‘அவ எடுத்துட்டாளாம்’ என்ற ஒரு சொல் தெருமுனை தாண்டிவிட்டால், மறுநாள் எட்டு இஞ்சுத் தட்டில் அந்த ஏழு பெட்டி கிடைத்தாலும் அந்தச் சொல் திரும்பி வராது. அந்தப் பெண்ணுக்கு வேறு வேலையும் கிடைக்காது.

தேட வேண்டியது எந்த வழியாகக் குறைகிறது என்பதை. ஒரே வகை, ஒரே தட்டு, மாதாமாதம் குறைந்துகொண்டே வந்தால் அந்த வகையை மட்டும் தினமும் சாயங்காலம் எண்ணுங்கள். எண்ணுகிறோம் என்பதை எல்லோருக்கும் சொல்லியே எண்ணுங்கள், அந்தப் பெண்ணையும் எண்ண வையுங்கள். ஒரு வாரத்தில் எந்த நாளில் குறைகிறது என்று தெரிந்துவிடும். அன்றைய பில்லையும் சிட்டையையும் பார்த்தால் பெரும்பாலும் காரணம் அங்கேயே இருக்கும்.

காரணம் தெரிந்த பிறகு புத்தகத்தில் எப்படித் திருத்துவது?

பழைய எண்ணை அழிக்காமல், கீழே புது வரி. தேதி, குறி எண், புத்தகத்தில் இருந்தது, எண்ணியது, வித்தியாசம், காரணம், எண்ணியவர் இருவர் கையெழுத்து. காரணம் என்ற இடத்தில் ‘சரிசெய்தது’ என்று எழுதினால் அது காரணமே இல்லை. ‘செட் 12 விற்றதைப் பெட்டி 12 என்று கழித்தது’ என்று எழுதுங்கள். எவ்வளவு தேடியும் தெரியாவிட்டால் ‘காரணம் தெரியவில்லை’ என்றே எழுதலாம். ஆறு மாதம் கழித்து அதே வகையில் அதே வரி திரும்ப வந்தால், எங்கே பார்க்க வேண்டும் என்று அது சொல்லும்.

மார்ச் 31 இருப்புக்கு விலை போடும்போது அடக்க விலை, விற்றால் செலவு போகக் கைக்கு வரும் விலை, இரண்டில் எது குறைவோ அதைப் போடுங்கள். நிறம் மங்கின பெட்டிக்குப் புதுப் பெட்டி விலை போடக் கூடாது.

எவ்வளவு நாளுக்கு ஒரு தரம் எண்ணுவது? கொஞ்சம் வித்தியாசம் இருந்தால் பரவாயில்லையா?

எல்லாவற்றையும் ஒரே நாளில் எண்ண நினைத்தால் வருஷத்துக்கு ஒரு தரம்கூட நடக்காது. வேகமாக ஓடும் வகையை வாராவாரம், மற்றதை முறைவைத்து மாதம் ஒரு தட்டு, முழுச் சரக்கையும் மார்ச் கடைசியில். பட்டுப்பாயில் ஒன்றுகூடக் குறையக் கூடாது. எடை போட்டு வாங்கும் நூலில் சிறிது ஏற்ற இறக்கம் இருக்கும், அதற்குத் தூக்கம் கெட வேண்டாம்.

நோட்டு போதுமா, கம்ப்யூட்டர் வேண்டுமா?

அன்றன்றைக்கு எழுதுகிற நோட்டு, வாரக் கடைசியில் ஏற்றுகிற கம்ப்யூட்டரைவிட நல்லது. பொருள் வகை நூறைத் தாண்டினால் எக்செல் அல்லது டேலி என்ற கணக்கு மென்பொருளுக்குப் போகலாம். எதில் வைத்தாலும் இருப்பு மைனஸில் காட்டினால் அன்றே கவனியுங்கள். இல்லாததை விற்க முடியாது, ஆகவே ஏதோ ஒரு வரவு ஏறாமல் இருக்கும் அல்லது கழித்ததில் தவறு இருக்கும்.

எண்ணினால் புத்தகத்தைவிடக் கூடுதலாக இருக்கிறது. நல்லதுதானே?

குறைந்தால் தேடுகிற எல்லோரும் கூடினால் சும்மா இருந்துவிடுகிறார்கள். கூடுதலாக வருவதற்கு ஒரு பெரிய காரணம், செய்து கொண்டுவந்த சரக்கை வரவு வைக்காமல் விட்டது. வரவு வைக்கவில்லை என்றால் அதற்குக் கூலியும் போயிருக்காது. திருத்தும் வரியை எழுதுவதற்கு முன், அந்த வகையைச் செய்கிற ஒவ்வொருவரின் நோட்டையும் வாங்கி உங்கள் சிட்டையோடு ஒத்துப் பாருங்கள். அவர் நோட்டில் இருந்து உங்களிடம் இல்லாத வரி கிடைத்தால், முதலில் கூலியைக் கொடுத்துவிட்டு, அப்புறம் இருப்பைக் கூட்டுங்கள்.